செருப்பைக் கழற்றச் சொன்ன புல்வெளி

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில் படுக்கையறை வரைக்கும் செருப்போடு போவார்கள். கார்ப்பெட்டில் சேற்று ஷூ ஏறினாலும் யாருக்கும் உறைக்காது. அதே ஜனங்கள் சனிக்கிழமை காலையில் நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் புல்வெளிக்கு வந்ததும், ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பெஞ்சின் கீழ் வைத்துவிட்டு ஈரப்புல்லில் வெறுங்காலோடு இறங்குவார்கள். அங்கே கற்களைப் பதித்து ஒரு லேபிரிந்த் போட்டிருக்கிறார்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் ஒரே பாதை. போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். அப்படி நடந்தால் பூமியின் சக்தி உள்ளங்கால் வழியாக ஏறும் என்பார், என்னை அங்கே கூட்டிப்போன பக்கத்து வீட்டு மார்கரெட். முதலில் சிரிப்பாகத்தான் வந்தது. ஆனால் இரண்டு வருடமாக ஒரு சனிக்கிழமையைக்கூட நான் விட்டதில்லை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கிடந்த எனக்கு, பொய்யோ மெய்யோ, அந்த மண்தான் ஓர் ஒட்டுதலைத் தந்தது. இந்த நாட்டில் என் இடம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

போன கோடையில் காஞ்சிபுரத்திலிருந்து நைனா வந்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். எங்கள் ஊரில் கோயிலுக்கா பஞ்சம்? ஆனால் அம்மா எந்தக் கோயிலுக்கு இழுத்துப்போனாலும் நைனா உள்ளே வர மாட்டார். நீங்கள் போய் வாருங்கள், நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிடுவார். நானும் தங்கச்சியும் 'செருப்பு வாட்ச்மேன்' என்று கிண்டல் செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன். எனக்கு எங்கே புத்தி வேலை செய்தது?

ஒரு சனிக்கிழமை அவரையும் புல்வெளிக்குக் கூட்டிப்போனேன். மார்கரெட் கைகூப்பி வரவேற்று, அவர் காலைக் காட்டி, கழற்றிவிட்டு வரும்படி சைகை செய்தார். கழற்றச் சொல்கிறார்களா என்று நைனா என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது யாரு தெருமா?"

எனக்குப் புரியவில்லை. தெரு இல்லை, பார்க்கு என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். முதல் வளைவில் திரும்பும்போதுதான் பார்த்தேன். நைனா செருப்பைப் பெஞ்சின் கீழ் வைக்கவில்லை. இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, தோளைக் குறுக்கி, ஓரமாக, வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். அந்த நடையை நான் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். நைனா பிறந்த கிராமத்தில், காலனி ஆட்கள் ஊர்த்தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியப்பா ஒருமுறை சொன்னார். யாரோ எப்போதோ பட்ட பாடு என்று கேட்டுக்கொண்டேன். என் நைனா பட்டது என்று தோன்றவேயில்லை.

பக்கத்துத் தடத்தில் வந்த மார்கரெட்டின் கண் கலங்கியிருந்தது. உன் அப்பாவுக்கு எவ்வளவு பணிவு, பூமியை அவர்தான் உண்மையாக உணர்கிறார் என்று என் காதருகே சொன்னார். அடப் பாவி மனுஷி, அது பணிவா? அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நடுவட்டத்துக்கு வந்ததும் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"செருப்ப மாட்டுங்க நைனா. இது யாரு தெருவும் இல்ல."

அவர் தன் அக்குளைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"கழட்டுன்னாங்களா, கை தானா தூக்கிக்கிச்சுமா. அம்பது வருசம் ஆவுது, இன்னும் உள்ளயே இருக்குது பாரு."

பிறகு செருப்பைக் கீழே போட்டு, மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து திரும்பி நடந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்கரெட் என்னிடம் ஓடிவந்து, அப்பாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன் என்றார். "சொல்ல மாட்டேன்" என்றேன். தமிழில் சொல்லியிருக்கிறேன் என்பது அவர் விழித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

நைனாவின் பின்னாலேயே நானும் நடந்தேன். என் ஷூ வெளியே பெஞ்சின் கீழ் இருந்தது. மண் எப்போதும் போலச் சில்லென்று உள்ளங்காலில் ஏறியது. அது இன்னமும் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் வெட்கமாக இருந்தது. ஒரு வளைவில் நைனா திரும்பிப் பக்கத்துத் தடத்தில் என்னை நோக்கி வந்தார். தோளும் தோளும் உரசின. ஒரே பாதைதான். அவர் செருப்புக் காலோடு ஒரு பக்கம் போனார், நான் வெறுங்காலோடு எதிர்ப்பக்கம் போனேன்.