இறங்கும்போது நாலு

எனக்கு ஸ்வர ஞானம் உண்டு என்பது மயிலாப்பூர் மாட வீதிகளில் அநேகம் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். சின்ன வயதில் பன்னிரண்டு வருஷம் வாய்ப்பாட்டு கற்றவன். கச்சேரியில் பாடகர் வாயைத் திறந்ததும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ராகத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்குக் கேன்டீன் காபி இறங்காது.

அப்பேர்ப்பட்ட நான், பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சனிக்கிழமை சாயங்காலங்களில் தனியாகத் தோசை வார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி இரண்டு வருஷமாக அடையாறில் ஒரு சேர்ந்திசைக் குழுவுக்குப் போய்வருகிறாள். மேற்கத்தியப் பாட்டு, முப்பது பேர் நாலு குரலாகப் பிரிந்து பாடுவது. மற்ற நாட்களில் பால்கனியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனைத் தட்டிக்கொண்டிருப்பாள். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று காதாலேயே கண்டுபிடிக்கிற பயிற்சியாம். இன்டர்வல் என்று பெயராம். இதற்கெல்லாம் ஒரு ஆப்பா என்று சிரிப்பேன்.

தோசை அலுத்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. நானும் குழுவில் சேர்கிறேன் என்றேன். அவள் முகம் ஏனோ மலரவில்லை.

"ஏன்னா, அங்க டெஸ்ட் உண்டு. பத்து இன்டர்வல் வாசிச்சுக் காட்டுவா. கொறஞ்சது ஏழு சரியா சொல்லணும். நோட்டேஷன் பாத்துப் பாடணும்."

"பத்தும் சொல்றேன். எனக்கா டெஸ்ட்?"

நோட்டேஷன் இரண்டே நாளில் வசப்பட்டது. ஐந்து கோடு, நடுவே இடைவெளி. ஒரு புள்ளியிலிருந்து அடுத்தது எத்தனையாவது என்று எண்ண வேண்டும், கிளம்பிய புள்ளியையும் ஒன்று என்று சேர்த்துக்கொண்டு. நிறையப் பேர் அங்கேதான் குழம்புவார்களாம். ஜாதகத்தில் லக்னத்தையும் சேர்த்துத்தானே ஏழாம் இடம் பார்க்கிறோம்? எனக்கென்ன குழப்பம். காதுக்கு மட்டும் பயிற்சியே செய்யவில்லை. மீன் குஞ்சுக்கு யாராவது நீச்சல் கற்றுக்கொடுப்பார்களா?

குழுவை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஸ்கூலில் மியூசிக் டீச்சர். சாந்தோம் மாதா கோயிலில் பாட்டனார் காலத்திலிருந்து பாடிவருகிற குடும்பம். கீபோர்டுக்கு முதுகைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். என் மனைவி கடைசி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாலு ஜோடி ஸ்வரம் கீழிருந்து மேலே போயின. ஒலி அடங்குவதற்குள் பதில் சொன்னேன், நாலும் சரி. ஐந்தாவது மேலிருந்து கீழே இறங்கியது. ஸட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமம். பஞ்சமம் என்றாலே ஐந்தாவது, இதிலென்ன இருக்கிறது. "ஃபிஃப்த்" என்றேன். பேனாவால் ஏதோ குறித்தாள். அடுத்தது ஸட்ஜத்திலிருந்து கீழ் மத்யமம். "ஃபோர்த்." மறுபடியும் பேனா. மீதி நாலும் இறங்குபவைதான். இறங்கிய ஆறிலும் மண்ணைக் கவ்வினேன்.

"அங்கிள், பேர வெச்சு சொல்றீங்க. கீழ எறங்குறப்ப எத்தன படின்னு எண்ணிப் பாருங்க" என்றாள்.

விரல் விட்டு எண்ணினேன். ச, நி, த, ப. நாலு. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பஞ்சமம் பஞ்சமம்தானே என்று வாதாடிப் பார்த்தேன். கர்னாடிக் படித்துவிட்டு வருகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் விழுவார்கள் என்று அவள் ஆறுதல் சொன்னாள். பிறகு ஒரு வரி நோட்டேஷனைப் பாடச் சொன்னாள். உயிரைக் கொடுத்துப் பாடினேன்.

"நோட்ட ஆட்டாம நிறுத்துங்க அங்கிள்."

ஆட்டாமல் நிறுத்தினால் அதற்குப் பெயர் பாட்டா, காலிங் பெல்லா? கேட்கவில்லை, விழுங்கிவிட்டேன்.

"மூணு மாசம் கழிச்சு வாங்க. உங்களுக்கென்ன, வீட்லயே டீச்சர் இருக்காங்க. ஆல்ட்டோ குரல்ல யாரு தடுமாறினாலும் ஆன்ட்டி பக்கத்துலதான் நிக்க வெப்பேன். அவங்க பிட்ச் அசையவே அசையாது."

நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அடுக்களையில் எதையாவது முணுமுணுப்பாள். ஸ்ருதி கொஞ்சம் கீழே இருக்கிறது என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பேன், நல்ல எண்ணத்தில்தான். கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டாள். சங்கீதத்தில் ஆர்வமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோ அடையாறு பாலத்தில் நின்று நின்று போனது.

"அந்தப் பொண்ணு இவ்வளவு சொல்றா. நீ ஏன் சொல்லவே இல்ல?"

"சொன்னா, எங்க பாடிக் காட்டுன்னுவேள். பாடினா ஸ்ருதி கீழன்னுவேள். அப்பறம் அங்கயும் எனக்குப் பாட வராது. அந்த ஒரு எடமாவது எனக்கு இருக்கட்டும்னு வெச்சுண்டேன்."

நான் சேரக் கிளம்பியது அந்த ஒரு இடத்தில்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட வருத்தமாக இருந்தது.

"தப்புதான்" என்றேன். "நான் வரல. நீ போயிண்டிரு."

மந்தைவெளி தாண்டியபின், "நாளைக்குக் காத்தால சொல்லித் தரேன். ஆனா நீங்க வாயைத் தெறக்கப்படாது. பதிலை வெரல்ல காட்டுங்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுக்களை மேடையருகே நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படி பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். கத்தியை வைத்துவிட்டு இரண்டு ஸ்வரம் பாடினாள், மேலிருந்து கீழே, முழுக் குரலில். துளி அசைவில்லை. இந்தக் குரல் இத்தனை வருஷம் இந்த வீட்டில் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றியது. வாயைத் திறக்கக் கூடாதே. ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

ஈரக் கையோடு வந்தாள். என் கட்டை விரலை மடக்கிவிட்டுப் போய், அடுத்ததைப் பாடினாள்.