தோளில் இருந்த கல்

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் நகத்தளவு ஊதாக் கறை. நுண்ணோக்கியின் கீழ் அந்தக் கறை நெருங்கிக் கிடக்கும் உயிர்க்கலங்களாக விரியும். ஒவ்வொன்றுக்கும் சுவர் இருக்கும். கரு இருக்க வேண்டிய நடுவிடம் வெறுமையாக இருக்கும். நிழற்கலங்கள் என்போம். அவற்றைக் கண்டால் கட்டி தீங்கற்றது, பயமில்லை. எனக்கு மட்டும் அவை இன்றுவரை பயம் தருகின்றன.

எண்பதுகளின் கடைசியில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத் தீவுப்பகுதி மருத்துவமனை ஒன்றில் நான் வைத்தியன். எழுவைதீவிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வள்ளக்காரர், தோளுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டியோடு வந்தார். தொட்டேன், கல்.

“ஐயா, ஒரு பக்கம் அமத்தினா மற்றப் பக்கம் எழும்புது. நான் வள்ளத்தில முன்னுக்கு ஏறேக்க பின்பக்கம் எழும்புற மாதிரி” என்றார்.

“எனக்கு வைத்தியம் படிப்பிக்கிறீரோ?” என்றேன். தாதியர் சிரித்தார்கள்.

இவ்வளவு கடினமென்றால் புற்றுநோய்தான் என்று, ஆய்வுக்கு அனுப்பும் முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். வெட்டியபோது கத்தி மணலில் இழுபடுவதுபோல் நறநறத்தது. விறைப்பு ஊசியால் அவருக்கு வலியில்லை. முகத்தை மறுபுறம் திருப்பி, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமையில் ஆய்வுகூட மருத்துவரிடமிருந்து தகடும் கடிதமும் வந்தன. மயிர்க்கால் வேரிலிருந்து வளர்ந்து சுண்ணாம்பு படிந்த கட்டி, தீங்கற்றது. அடியில் ஒரு வரி: ‘ஓரத்தை அமத்திப் பார்க்கவில்லையா? மறு ஓரம் எழுந்திருக்குமே.’ இழுப்பறைக்குள் போட்டேன். அடுத்த கிழமை காயம் காட்ட வரும்போது, தாதியர் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கடிதம் வந்த இரண்டாம் நாள் அவர் வள்ளத்தில் ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவந்து சேர்த்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. மத்தியானம் அவர் திரும்பிப் போகப் புறப்பட்டார்.

“கடலில நேவி நிக்கிறான் அண்ணை, காணுற வள்ளத்துக்கெல்லாம் சுடுறான். நாளைக்குப் போங்கோ” என்றான் வாசல் காவலாளி.

“எனக்கென்னடா, டொக்டர் நாள் குறிச்சிட்டார். பயமெல்லாம் கனகாலம் இருக்கப் போறவனுக்கு” என்று சிரித்தார்.

ஈரக் கையோடு நான் கதவடியில் நின்றேன். இழுப்பறைக்குப் பத்து அடி. பக்கத்தில் தாதியர் நின்றார்கள். கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

மறுநாள் வள்ளம் தானாகக் கரைக்கு வந்தது. கவிழவில்லை. ஒரு சூட்டுத் துளையும் இல்லை. காற்றே இல்லாத கடல். அவருடைய சால்வை மடித்தபடி பலகையில் இருந்தது. உள்ளே ஆளில்லை.

அவர் காயம் காட்ட வரவேண்டிய நாளில் மனைவி வந்தாள். “ஐயா, அவருக்கு அந்தப் புற்றுநோய் வருத்தம் மெய்தானே? எப்பிடியும் கனநாள் இருந்திருக்க மாட்டார்தானே?”

“ஓம்” என்றேன்.

“அப்ப சரி ஐயா” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் ஆறுதலுக்காகச் சொன்னேன் என்று பல வருடம் என்னையே நம்பவைத்தேன். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

இன்று காலையும் தகட்டைப் பார்த்தேன். அவர் உடம்பில் எஞ்சியது இவ்வளவுதான். வரிசை வரிசையாகச் சுவர்கள். ஒவ்வொன்றின் நடுவிலும், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஓர் இடம்.