நண்டுக்கு அழுத பிள்ளை

படக்கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: கடைசிப் பக்கத்தை மூடியதும் நம் வேலை முடிகிறது, கதை பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. கற்பிட்டிப் பக்கத்துப் பாலர் பாடசாலை ஒன்றில் நான் உதவிக்கு இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். பிள்ளைகளுக்கு அன்பு, இரக்கம் படிப்பிக்க வேண்டும் என்று புத்தகங்கள் வந்தபோது, வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உங்களுக்கும் இப்படி விழுந்திருந்தால் என் பாடு விளங்கும்.

குரல்

புலிக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல் எடுத்து வாசிக்க வேண்டுமாம். எனக்குக் கூச்சம். வாசலில் தாய்மார் நிற்கும்போது எப்படி உறுமுவது? ஓரெழுத்தும் விடாமல், உள்ளது உள்ளபடி வாசித்தேன். பெரிய டீச்சர் சிபானா என் மகள் வயதுக்காரி. பின்னால் நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மாமி, நீங்க வாசிச்சா புலியும் ஆடும் ஒரு வீட்டு ஆக்கள் மாதிரி இருக்கு."

பங்கு

யானைக்குட்டி தன் பழத்தைக் கூட்டாளிக்குக் கொடுக்கும் கதை. அன்று இடைவேளையில் நுஸ்ரா தான் தின்னக் கொண்டுவந்த பணிஸை முழுதாக அர்ஷாத்திடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இருந்தாள். கதையில் வந்தால் அப்படியே செய்கிற பிள்ளை அவள். "நீ அவளுக்கு என்ன குடுத்தாய்?" என்று அர்ஷாத்தைக் கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அவ யானை, டீச்சர். நான் கூட்டாளி."

நண்டு

அடுத்தது, கட்டப்பட்ட குட்டி நண்டும் அதன் உம்மாவும் ஒன்றையொன்று தேடி அழும் கதை. வகுப்பே அழுதது. பாடம் நன்றாக ஏறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

நுஸ்ராவின் வாப்பா கடலோரக் களப்பில் நண்டு வலை போடுகிறவர். உயிர் நண்டைத்தான் வியாபாரி எடுப்பார். அதனால் கால்களைக் கட்டி ஈரச் சாக்கில் வைப்பார்கள். மறுநாள் விடிய, அவர் தொழப் போன நேரம் பார்த்து, நுஸ்ரா கத்தரிக்கோலால் கட்டுகளை வெட்டி, வீட்டுக்குப் பின்னால் தண்ணீரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். நண்டு கடித்த அவள் விரலில் துணி சுற்றி, வாப்பா கூட்டிவந்தார். சத்தம் போடவில்லை. கேற்றுக்கு வெளியே நின்றே கேட்டார்: "டீச்சர், நண்டுட உம்மா அழுறதப் படத்துல காட்டினீங்க. நண்டு இல்லாமப் போனா இவட உம்மா அழுவா. அதுக்குப் படம் இல்லையா?"

அலுமாரி

அப்படி ஒரு படம் இருக்கிறதா என்று அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பதினேழு புத்தகங்கள். பதினொன்றில் மிருகங்கள் அழுகின்றன. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வலை இழுக்கிற ஒரு மனிதர் ஒன்றிலும் இல்லை.

புத்தகம் இல்லாமலே நுஸ்ராவைப் பக்கத்தில் இருத்திக் கதைத்தேன். வாப்பா இருட்டோடு எழும்பிப் போவது, குளிர், காலில் குத்தும் சிப்பி, வெறும் சாக்கோடு வந்தால் வீட்டில் என்ன சமைப்பது என்பதெல்லாம் சொன்னேன். நன்றாகக் கேட்டாள். பிறகு துணி சுற்றிய விரலைப் பார்த்தபடி கேட்டாள்: "நண்டும் பாவம், வாப்பாவும் பாவம் எண்டா, நான் யாருக்கு உதவி செய்யுறது, டீச்சர்?"

நிறப் பென்சிலை எடுத்துக் கொடுத்தேன்.

புதுப் பிள்ளைகள்

இந்த வருடம் சிறியவர்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களும் நண்டுப் புத்தகத்தைத்தான் கேட்டார்கள். வேண்டாம் என்று நினைத்தாலும், அட்டையைக் கண்டுவிட்ட பிள்ளைகளிடம் மறைக்க முடியுமா? வாசித்தேன். நண்டு அழும் பக்கத்தில் ஒரு சின்னவளின் உதடு பிதுங்கியது. இப்போது பெரிய வகுப்பில் இருக்கும் நுஸ்ரா எழும்பி வந்து, அவள் தலையைத் தடவி, பெரிய மனுஷி போலச் சொன்னாள்: "அழாத புள்ள. இது சும்மா படம். உண்மையான நண்டுக்கு உம்மா இல்ல."

இப்போது அந்தக் கதைக்கு வகுப்பில் ஒருவரும் அழுவதில்லை. புத்தகமும் கண்ணீர் படாமல், மடிப்புக் குலையாமல், நல்ல நிலையில் இருக்கிறது.