மீட்டர் அக்காவும் உதைத்த பெடலும்

பட்டறையில் அவளை மீட்டர் அக்கா என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். வண்டிகளின் வயரிங்கும் சென்சார்களும் அவள் பொறுப்பு. எந்த வண்டி வந்தாலும் முதலில் மின்சாரம் அளக்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது உண்மை பேசுகிறதா என்று பார்த்துக்கொள்வாள். மனிதர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. ஓட்டுநர் வாயைத் திறந்தால், "கதை அப்புறம். வண்டியக் காட்டுங்க" என்று கத்தரித்துவிடுவாள். பக்கத்து மேடையில் சக்கரமும் அச்சும் மாட்டுகிற அவள் கணவருக்குச் சுத்தியல் என்று பட்டப்பெயர். மீட்டரும் சுத்தியலும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை.

அன்று காலை ஒரு வேன் உள்ளே வந்தது. சிறுநீரகச் சிகிச்சைக்கு நோயாளிகளை ஏற்றிச்செல்லும் வேன் அது. ஓட்டுபவன் அவளுடைய தம்பி. முந்தின நாள், பாதசாரிகள் கடக்கும் கோட்டில் வேன் நிற்காமல் நழுவி, ஒரு கிழவரின் கைத்தடியைத் தட்டிவிட்டிருந்தது. அவர் விழாதது யார் செய்த புண்ணியமோ. தம்பி தூங்கி வழிந்திருக்கிறான், பிரேக்கில் கால் வைக்கவே இல்லை என்று வேனின் முதலாளி முடிவுகட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வண்டியில் பழுது இருந்தால் காட்டட்டும், இல்லையேல் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தும்விட்டார்.

தம்பி ஏதோ சொல்ல வந்தான். வழக்கம்போல் அவனையும் கையமர்த்தினாள்.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினாள். ஏ.பி.எஸ்.ஸில் பழுது எதுவும் பதிவாகவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிற அந்த அமைப்பு, தன்னிடம் குறையே இல்லை என்று சாதித்தது. நான்கு சக்கரங்களின் சென்சார்களையும் அளந்தாள். நான்கும் ஒரே அளவு காட்டின. வயர்களை முறுக்கியும் இழுத்தும் பார்த்தாள். எங்கும் துண்டிப்பில்லை. கணவர் எட்டிப்பார்த்து, வலது முன்சக்கரத்தின் அச்சைப் போன மாதம் தாமே மாற்றியதாகவும் அது கல்லுப்போல இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மீட்டர் சரியென்றால் தம்பி பொய். இதுநாள்வரை அவள் கைக்கொண்ட கணக்கு அதுதான். மீட்டரைக் கீழே வைத்தாள். பிறகு அவள் வாயிலிருந்து யாரும் கேட்டிராத சொல் வந்தது.

"என்னதாண்டா நடந்துச்சு? சொல்லு."

"மிதிச்சேங்க்கா. மிதிச்ச காலப் பெடல் திருப்பி உதைச்சுது, தடதடன்னு. பயத்துல என் கால்தான் நடுங்குதுன்னு நெனச்சேன். ராத்திரி பூரா யோசிச்சதுல, மிதிச்சேனான்னே எனக்குச் சந்தேகமாயிடுச்சு."

"ரோடு ஈரமா?"

"காஞ்சு கெடந்துச்சு."

அவள் சட்டென்று எழுந்தாள். பெடல் உதைத்தால் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்று பொருள். காய்ந்த சாலையில், மெதுவாக நிற்கப்போகும் வண்டியில் அதற்கு என்ன வேலை? ஓடுகிற சக்கரத்தை நின்றுவிட்டதாக எண்ணி அது பிரேக்கைத் தளர்த்தியிருக்க வேண்டும்.

பட்டறைக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியின் கோடியில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கச் செய்தாள். தம்பி ஓட்ட, பக்கத்தில் ஸ்கேனரோடு அவள்; பின்னால் முதலாளி. முதல் சுற்றில் வேன் அழகாக நின்றது. அடுத்த சுற்றிலும் நின்றது. நம்மை ஊர்வலம் கூட்டிப்போகிறாயா என்று முதலாளி முனகினார். வண்டி சூடேறட்டும் என்று மட்டும் அவள் சொன்னாள். தம்பியின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

மேலும் சில சுற்றுகளுக்குப் பிறகு அது நிகழ்ந்தது. தம்பி மிதித்தான், பெடல் தடதடத்தது, திரையில் மூன்று சக்கரங்களின் வேகம் சீராக இறங்கிக்கொண்டிருக்க, வலது முன்சக்கரம் மட்டும் சுழியத்துக்கு விழுந்தது. வேன் பெட்டிகளை நசுக்கிக்கொண்டு போய் நின்றது. முதலாளியின் நெற்றி முன்இருக்கையில் இடித்தது.

சக்கரத்தைக் கழற்றினார்கள். அச்சைச் சுற்றியிருந்த பல்வளையத்தைக் கையால் மெல்லத் திருப்பினாள். அதன் பற்களை எண்ணித்தான் சென்சார் வேகம் சொல்லும். டார்ச் பிடித்தவர் கணவர். ஓரிடத்தில் மயிரிழை அளவு விரிசல், பக்கத்திலேயே வட்டமாக நசுங்கிய ஒரு தடம். சூடேறினால் விரிசல் வாய் பிளக்கும். அந்த இடைவெளியில் சக்கரம் நின்றுவிட்டதாகச் சென்சார் ஏமாறும். பிரஸ் என்ற அழுத்து இயந்திரத்தில் வைத்து ஏற்ற வேண்டிய வளையம் அது.

"கல்லு பட்டிருக்கும்னு சொல்லேன்," என்றார் கணவர், அவள் காதுக்கு மட்டும்.

"கல்லு வட்டமா தடம் பதிக்காதுங்க."

முதலாளி குனிந்து, இதை யார் மாட்டியது என்று கேட்டார். வெளியே நின்ற தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர். சுத்தியலால அடிச்சு ஏத்தியிருக்காரு."

கணவரே வேறு வளையம் வாங்கிவந்து, பிரஸ்ஸில் வைத்து நிதானமாக அழுத்திப் பொருத்தினார். வேன் மறுபடியும் வெட்டவெளியில் சுற்றிச் சுற்றிச் சூடேறிய பிறகு, அவர் நசுங்கிய பெட்டிகள் கிடந்த இடத்துக்கு நடந்துபோய், யாரும் தடுக்குமுன் அவற்றின் முன்னால் நின்றுகொண்டார்.

"வா மச்சான்," என்றார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் முன்கண்ணாடி வழியே பார்க்கத் துணியாமல் ஸ்கேனரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "போ" என்றாள். வேன் உருண்டது. தம்பி மிதித்தான். நான்கு எண்களும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இறங்கி, சேர்ந்தே சுழியமாயின. அதன் பிறகே அவள் தலை நிமிர்ந்தாள்.

பம்பருக்கும் கணவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம். முதலாளி சாவியைக் கேட்கவில்லை. தம்பி தலையை வெளியே நீட்டினான்.

"மாமா, நகருங்க. டயாலிசிஸுக்கு ஆளுங்க காத்திருப்பாங்க."