படம் இல்லாதவருக்கு ஒரு பூ

அந்தப் புகைப்படத்தில் இருந்தவனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். கறுப்புச் சட்டை, தலைக்குச் சற்றுப் பெரிதான தொப்பி, சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் வசித்த, இத்தாலிய வழக்கப்படி நாங்கள் ‘சிக்னோரா’ என்று மரியாதையாக அழைத்த மூதாட்டியின் அலமாரியில், மேசைவிரிப்புகளுக்கு அடியில் முகங்கவிழ்ந்து கிடந்த அதை அம்மாதான் கண்டெடுத்தார்.

சிக்னோரா இளம்வயதில் இத்தாலியிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்து, இங்கேயே முதுமையடைந்தவர். கட்டடத்தின் பொதுச் சலவை அறையில், தனக்குரிய நாளில் அம்மா துணி துவைத்ததற்காகச் சண்டை பிடித்து, மறுவாரமே கோப்பிக்கு அழைத்தவர். அம்மாவின் பால்கோப்பியைப் பார்த்து, “இது கோப்பியோ, குழந்தைப்பிள்ளைக்குக் கரைச்சதோ?” என்பார். இத்தாலிய இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நானே இருவருக்கும் மொழிபெயர்ப்பேன். அதனால் அவருடைய சொற்கள் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழிலேயே தங்கிவிட்டன.

2009 இலையுதிர்காலத்தில் அவர் விழுந்து காலை முறித்து மருத்துவமனையில் இருந்தபோது, அம்மா அவர் வீட்டைத் துப்புரவாக்கினார். எங்கள் வரவேற்பறையிலும் சீருடையில் ஓர் இளைஞனின் படம் உண்டு: ஊரில் போரிட்டு இறந்த என் மாமா, அம்மாவின் தம்பி. அந்த வருடத்து வைகாசியில் ஊரில் போர் முடிந்த பிறகு அம்மா அதற்குப் பூ வைக்கத் தவறியதில்லை. எங்களுடைய வீடுகளில், அந்த வயதில் சீருடையோடு படமானவர்கள் திரும்பி வந்ததுமில்லை. ஆகவே அம்மா யோசிக்கவில்லை. படத்தைத் துடைத்து அலமாரியின் மேல் நிறுத்தி, அதன்முன் ஒரு செவ்வந்தியை வைத்தார். இத்தாலியர் கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ அது என்பது அவருக்குத் தெரியாது.

ஊன்றுகோல்களோடு வீடு திரும்பிய சிக்னோரா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஆர் இவனை வெளியில எடுத்தது?”

“ஆரின்ர பிள்ளையெண்டாலும் இருட்டுக்குள்ள கிடக்கலாமோ, சிக்னோரா?”

“என்ர அண்ணன். பூவை எடு. இவனுக்குப் பூ வைக்கக் கூடாது.”

1943 இல் இத்தாலி நேச நாடுகளிடம் பணிந்தபின், ஜெர்மனியர் அதன் வடபகுதியைக் கைப்பற்றி, கார்தா ஏரிக்கரையில் ஒரு பாசிசக் குடியரசை நிறுவினார்கள். அந்தப் பொம்மை அரசுக்குக் கொடி இருந்தது, அமைச்சர்கள் இருந்தார்கள். ஆணைகள் மட்டும் வேறிடத்திலிருந்து வந்தன. இரண்டு ஆண்டுகள்கூட அது நிலைக்கவில்லை. இவற்றை நான் பாடநூல்களில் படித்திருந்தேன். அந்த அரசுக்காகத் துவக்கெடுத்தவன் ஒருவனுடைய தங்கையின் கையில் நான் பலமுறை பிஸ்கட் வாங்கித் தின்றிருக்கிறேன் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

“ஒருத்தரும் அவனைக் கட்டாயப்படுத்தேல்லை,” என்றார் சிக்னோரா. “தானாப் போனவன். எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த வாத்தியார், ஜெர்மன்காரரிட்டையிருந்து தப்பி வந்த ஆக்களைப் பள்ளிக்கூடத்துக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தவர். அவங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினது இவன். பள்ளிக்கூட முற்றத்திலேயே வாத்தியாரைச் சுட்டவங்கள்.” சிறிது நேரம் படத்தைப் பார்த்தார். “காலையில எனக்குத் தலை பின்னி விடுறதும் இவன்தான். ரெண்டும் ஒரே கை.” அடுத்த இளவேனிலில் அண்ணனும் கொல்லப்பட்டான். தேவாலய மணி ஒலிக்காமலே அவனை அடக்கினார்களாம். அவனுக்காக அழலாமா என்று அறுபது வருடங்களாகத் தான் யாரிடமும் கேட்டதில்லை என்றார்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அம்மா எழுந்தார். பூவை எறிந்துவிடுவார் என நினைத்தேன். அவர் அதைப் படத்தின் முன்னாலிருந்து எடுத்து, பக்கத்தில் வெறும் மரப்பலகையில் வைத்தார்.

“அப்ப இது வாத்தியாருக்கு இருக்கட்டும். தம்பியார் பக்கத்தில நிண்டு பாக்கட்டும்.”

“தம்பியில்லை, அண்ணன்,” என்று திருத்திய சிக்னோரா, அதன்பிறகுதான் அழத் தொடங்கினார்.

அன்று மாலை எங்கள் வீட்டில் அம்மா வழமைபோல் மாமாவுக்குப் பூ வைத்தார். வைத்துவிட்டு விலகவில்லை.

“தம்பி அங்க என்னென்ன செய்தவனெண்டு எனக்கும் தெரியாது, பிள்ளை.”

மாமாவைப் பற்றி அம்மா அப்படி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் இன்னொரு செவ்வந்தியை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் வெறுமையான இடத்தில் வைத்தார்.

“அது ஆருக்கு?”

“தெரியேல்லை. இருக்கட்டும்.”

சிக்னோரா இறந்து வருடங்களாகிவிட்டன. வீட்டைக் காலி செய்தவர்கள் அந்தப் புகைப்படத்தை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. எங்கள் வரவேற்பறையில் மாமாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா இப்போதும் இரண்டு பூக்கள் வாங்கி வருகிறார்.