ஒரே சுவிட்சில் சிவப்பு பல்பும் வைஃபை பெட்டியும்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதுவும் இயேசுவின் திருஇருதயப் படம் வைத்திருக்கும் பலகைக்குக் கீழே. படத்துக்கு முன்னால் இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பு அதில்தான் சொருகியிருந்தது. வைஃபை இணைப்பு கொடுக்க வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்டியையும் அதே பலகையில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.

"இயேசுக்க பக்கத்துல இருந்தா என்னக்கா, சிக்னல் நல்லா எடுக்கும்" என்றார். என் கணவரின் அம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், சிரிக்கவில்லை.

அந்தப் பலகையிலிருந்து நான்கு எட்டு தள்ளித்தான் குழந்தையின் தொட்டில். அன்றே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது.

கல்யாணமாகி வடசேரிச் சந்தைக்குப் பின்னால் இந்தத் தெருவுக்கு வந்தபோது இரண்டு வீடுகளில்தான் வைஃபை இருந்தது. இப்போது முக்கில் நிற்கும் மின்கம்பத்தில் கறுப்பு ஒயர்கள் சிக்குண்ட வலை மாதிரி தொங்குகின்றன. போனைத் திறந்தால் பதினொரு வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். ஒரு வீட்டார் பிள்ளையின் பெயரை வைத்திருக்கிறார்கள், ஒருவர் புனிதர் பெயரை. ஒருவர் 'கேக்காதே' என்று வைத்திருக்கிறார். குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே அந்தப் பட்டியலை எண்ணிக்கொண்டிருப்பேன்.

குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, தடுப்பூசியை நாள் தவறாமல் போடுங்கள் என்றார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான், நான்கு எட்டுத் தூரம் என்பதைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. நான் இயற்பியல் படித்தவள். அலைகளைப் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தொட்டிலருகே நிற்கும்போது அந்தப் படிப்பில் ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை.

பக்கத்துப் பள்ளியில் மதியம் மட்டும் வகுப்பெடுக்கிறேன். குழந்தை தொட்டிலில் தூங்குவது அந்த நேரத்தில்தான். ஒரு மணிக்கு அவளைத் தொட்டிலில் போட்டு, சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புவது என்று முடிவு செய்தேன். பல்பும் சேர்ந்து அணைந்தது. பிளக் பழையது, பிடுங்கினால் பொறி பறக்கும். தனியாகப் பாயிண்ட் போட வாடகை வீட்டின் உரிமையாளரிடம் கேட்கவும் தயக்கம்.

"மூணு மணிக்கூறுதான் மாமி."

"ஒங்க மாமா கடலுக்குப் போயி திரும்பி வராத நாள் தொட்டு இந்த வெளக்கு அணைஞ்சதில்ல மக்கா" என்றார் மாமி. முந்தானையால் அணைந்த பல்பைத் துடைத்தார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேலி செய்தார். "ஏட்டி, ஒங்க பெட்டிய அணைச்சா ஆச்சா? எங்க பெட்டி ஒங்க சொவரத் தொட்டுல்லா இருக்கு. அதுக்கும் நீ வந்து அணைப்பியா?"

இதில் இழப்பு என் கணவருக்குத்தான். குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் வளைகுடா வேலைக்குத் திரும்பிப் போனவர். அவருடைய சாப்பாட்டு இடைவேளை நமக்கு மதியம் இரண்டு மணி. அப்போதுதான் மாமியின் போனில் குழந்தையைப் பார்ப்பார். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும், வைஃபை இல்லாமல் வீடியோ வராது. இனி சாயங்காலம் கூப்பிடச் சொன்னேன். சாயங்காலம் குழந்தைக்குச் சிணுங்கும் நேரம். திரையைப் பார்க்காமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

"லீவுல வரும்போ யாருன்னு கேப்பாளோ?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் காதிலேயே கிடந்தது. அலைகளுக்குப் பயந்து அப்பாவை அந்நியன் ஆக்குகிறேனா? மறுநாளும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போனேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. சில நாட்களாகக் குழந்தை திரையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். தானாகப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் "ப்பா" என்று போனை எட்டிப் பிடித்தாள்.

"ரெண்டாவது பல்லும் வெளிய வந்துட்டே" என்றார் அவர்.

குழந்தை அதுவரை வாயைத் திறந்து காட்டவே இல்லை. நான் காலையில் பார்த்தபோது முதல் பல்லுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடுகூட இல்லை.

"யாரு சொன்னா?"

"ஹலோ? கேக்கல்லியே. நெட்டு கட்டாவுது."

அவர் முகம் துல்லியமாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"அவன ஏசாத. நான்தான்" என்று அடுக்களையிலிருந்து மாமி வந்தார். "நீ போனதும் வெளக்கில்லாம எனக்கு இருக்க முடியல்ல. போட்டேன். பெட்டியும் கூடச் சேந்து முழிச்சிட்டு. அப்பம் பாத்து அவன் விளிச்சான். பிள்ளையும் எந்திச்சிட்டா."

"எத்தன நாளா?"

"நீ அணைச்சதுக்கு மறுநா தொட்டு. நீ வாறதுக்கு முன்ன அணைச்சுப் போடுவேன்."

கோபம் வந்தது. இரண்டு மாத மதியங்களை எண்ணினேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலே. அவள் என் சங்கிலியை இரண்டு பல்லாலும் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு மணிக்கு, சுவிட்சைத் தொடாமல் தொட்டிலைக் கழற்றிப் படுக்கையறைக் கொக்கியில் மாட்டினேன். சந்தேகத்துக்குப் போனை எடுத்துப் பார்த்தேன். அங்கே 'கேக்காதே' சிக்னல் நான்கு கோடும் நிறைந்து நின்றது, அடுத்த வீட்டுப் பெட்டி அந்தச் சுவருக்குப் பின்னால்தான். பிறகு தொட்டிலை ஹாலுக்கே கொண்டுவந்து மாட்டினேன். மாமி பயறு உரிப்பதில் மும்முரமாக இருந்தார். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அவரு விளிச்சா, போனப் பிள்ளைக்க முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க மாமி."

"ஒரு மொழம் போருமா?"

"ரெண்டு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். தெரு முக்கு வரை வந்த பிறகு, இரண்டு முழம் தள்ளிப் பிடித்தால் அவளுக்கு அவர் முகம் சரியாகத் தெரியுமா என்று யோசனை வந்தது. திரும்பிப் போய், ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.