மஞ்சள் வைத்த கறுப்புப் பை

திங்கட்கிழமை காலை கடைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கிண்ணம். பேக்கிங் மேசையின் ஓரத்தில் இருக்கும் சின்ன எவர்சில்வர் கிண்ணம். அதில் குழைத்த மஞ்சள் காய்ந்து வெடித்து ஒட்டிக் கிடந்தது. அது காய்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு முன்பே வந்து கோமளா அக்கா புது மஞ்சள் குழைத்து வைத்திருப்பார்.

"அக்கா இன்னும் வரலையா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் ஷட்டர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரி ஆஸ்பத்திரில உசுரு போய்ட்ச்சாம்மா. மூளைக் காய்ச்சலாம். அவ ஊட்டுக்காரரு இப்பதான் வந்து சொல்லினு போனாரு."

நான் அந்தக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மளிகைக் கடைக்கு நகரத்தில் பல கிளைகள் உண்டு. அங்கெல்லாம் வேலை செய்பவர்களும் அக்காவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மேனேஜர் சார் என்னை இதை எழுதச் சொன்னார். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான், என்ன எழுதுவது என்றேன். "பேசத்தானே உனக்கு வராது, எழுது" என்றார்.

ஆவடியிலிருந்து ரயிலில் வந்து அம்பத்தூர் ஓ.டி. கிளையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கோமளா அக்கா என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை.

"வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சினு கீற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் தன் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வேலையைப் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் ஊமச்சி. வேறு பெயர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

அப்போதெல்லாம் ஒரு சோப்பு வாங்கினாலும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்போம். பையில் கடையின் பெயர் சிவப்பில் பெரிதாக இருக்கும். போன வருடம் ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. அக்காவின் வீடு ஏரிக்குக் கீழே, பள்ளத்தில். மழை விட்ட காலையில் சேறு படிந்த பைகளை ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்து மேனேஜர் சாரின் அறைக்கு முன் வைத்தார்.

"என்ன கோமளா இது?"

"நம்ம கடைப் பை சார். கால்வா அடைச்சிகினு தண்ணி ஊட்டுக்குள்ள வந்துட்ச்சு. ராவெல்லாம் புள்ளைங்களோட கட்டில் மேல குந்தினு இருந்தேன். சுத்தி நம்ம கடை பேருதான் மெதந்துகினு இருந்துச்சு."

"எல்லாக் கடைப் பையும்தானே கிடக்கும்?"

"கெடக்கும் சார். ஆனா இது நான் கட்டிக் குடுத்தது."

சார் குனிந்து வாளியைப் பார்த்தார். தலைமை அலுவலகத்தில் பேசினார். பொங்கல் வரைக்கும் துணிப்பை கொடுத்துப் பார்க்கலாம், வாங்குபவர்கள் குறை சொன்னால் பழையபடி பிளாஸ்டிக் என்று உத்தரவு வந்தது. பை இரவல்தான். அடுத்த முறை வரும்போது அதையே கொண்டுவர வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மிஞ்சிய துணியை வாங்கித் தைத்து அனுப்பினார்கள். கெட்டியான, நல்ல துணி. ஆனால் அத்தனையும் கறுப்பு. முதல் நாள் வெள்ளிக்கிழமை வேறு. மகள் கல்யாணத்துக்கு மஞ்சள், குங்குமம், பாக்கு எல்லாம் வாங்கிய ஓர் அம்மா பையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார்.

"கல்யாணச் சாமானக் கறுப்புப் பையிலயா போடுவ? உனக்குக் கண்ணு தெரியாது?" என்று எல்லாவற்றையும் மேசையிலேயே விட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க அதே கதைதான். "பொங்கல் எதுக்கு, நாளைக்கே முடிஞ்சிடும் போலிருக்கே" என்றார் சார்.

அக்கா அலமாரிப் பக்கம் போனார். கிழிந்துபோய் விற்க முடியாமல் கிடந்த மஞ்சள்தூள் பாக்கெட்டை எடுத்து, இந்தக் கிண்ணத்தில் குழைத்தார்.

"புதுத் துணின்னா மூலைல மஞ்சள் வச்சிட்டுத்தானே கட்றோம்? கறுப்புப் பொடவன்னா வெக்காம உட்றோமா? இதுவும் புதுத் துணிதான். குந்துங்கடி."

கடை மூடும்வரை எல்லாரும் உட்கார்ந்து பைகளுக்கு மஞ்சள் வைத்தோம்.

மறுநாள் அதே அம்மா விட்டுப்போன சாமான்களுக்காக வந்தார். அக்கா பையின் மூலையை அவர் முன்னால் பிடித்தார். "மஞ்சள் வச்ச பைம்மா. உங்க ஊட்டுக் கல்யாணத்துக்குத்தான் மொதப் பை."

அந்த அம்மா மூலையைத் தடவிப் பார்த்தார். "யாரு யோசனை இது?"

"தோ, இந்த ஊமச்சி."

"நல்லா இரும்மா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் பையை வாங்கிக்கொண்டார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அப்புறம், "ஏன்க்கா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். "உன்னியும் ஒருத்தர் நிமுந்து பாக்கட்டுமேன்னுதான்" என்றார்.

பிறகு துவைத்த பையைக் கொண்டுவந்து, "மஞ்சள் போயிடுச்சு, வச்சுக் குடு" என்று கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. வெறுங்கையோடு வருபவர்களை அக்கா வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "பை கொண்டாந்தீங்களா? நகைய மறக்காம மாட்டினு வந்தீங்க, பைய மட்டும் எப்படி மறந்தீங்க?" கோபப்பட வந்தவர்களும் சிரித்துவிடுவார்கள். அடுத்த முறை பை வரும். பொங்கல் வந்து போனது. மிச்சமிருந்த பிளாஸ்டிக் பைகள் கட்டோடு பரணுக்குப் போயின.

இந்த மழைக்காலத்தில், போன சனிக்கிழமை, அக்கா நடுங்கிக்கொண்டே வேலை செய்தார். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. வீட்டுக்குப் போங்கள் என்றேன்.

"திங்கக்கெழம நான் வரலன்னா வாசல்ல நீ நில்லு."

"எனக்குப் பேச வராதுக்கா."

"உன்ன மேடை ஏறியா பேசச் சொல்றேன்? பை கொண்டாந்தீங்களான்னு கேளுடி, போதும்."

அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

திங்கட்கிழமை எல்லாரும் அவர் வீட்டுக்குப் போனோம். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போர்த்தி, முகத்தில் மஞ்சள் பூசியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தன. நான் அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் பழைய மஞ்சள் இருந்தது. அது வீட்டார் பூசியது அல்ல, கடையில் ஏறியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், எனக்குத்தான் பேச வராதே. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்: போய் வாருங்கள் அக்கா. வெளியே வரும்போது கால்வாயைப் பார்த்தேன். எத்தனையோ கடைகளின் பைகள் கிடந்தன. எங்கள் சிவப்பு எழுத்து மட்டும் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை சார் பரணிலிருந்து பிளாஸ்டிக் கட்டை இறக்கச் சொன்னார். அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன. "அவங்க நின்னு கேட்டாங்க, நடந்துச்சு. இனிமே யாரு கேப்பா? கொஞ்ச நாளைக்கு இதையே குடுப்போம்" என்றார். கட்டு மேசைமேல் வந்து உட்கார்ந்தது.

நான் கிண்ணத்தைக் கழுவினேன். புது மஞ்சள் குழைத்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். வெறுங்கையை வீசிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார்.

"பை கொண்டு வந்தீங்களா சார்?"

அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன்.